காலியாகக் கிடக்கும் தொழில் நிலத்துக்கு எதிர்காலம் வகுப்பது எப்படி: உள்ளாட்சிகளுக்கான முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தைச் சேர்ந்த யூக்ளிட் என்னும் ஊர் 1922ஆம் ஆண்டு தன் எல்லைக்குள் உள்ள நிலங்களை மண்டலங்களாகப் பிரித்து, எங்கே வீடு வரலாம், எங்கே தொழில் வரலாம் என்று ஒரு சட்டம் இயற்றியது. அங்கே ரயில் பாதையை ஒட்டி 68 ஏக்கர் நிலத்தைத் தொழிற்சாலைகளுக்கு விற்பதற்கென்றே வைத்திருந்த ஆம்ப்ளர் ரியால்டி என்ற நிறுவனம் அந்தச் சட்டத்தை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. தொழிலுக்கு என்றால் ஏக்கர் 10,000 டாலருக்குப் போகும் நிலம், குடியிருப்புக்கு என்றால் 2,500 டாலரைத் தாண்டாது என்பது அதன் வாதம். 1926இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஊரின் பக்கம் தீர்ப்பளித்தது. அமெரிக்க மண்டலச் சட்டங்கள் இன்றும் நிற்பது அந்தத் தீர்ப்பின் மேல்தான். நிலத்தின் கதை அதோடு முடியவில்லை. சுமார் இருபது ஆண்டுகள் அது வெறும் நிலமாகவே கிடந்தது. பிறகு இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அதன்மேல் விமானத் தொழிற்சாலை எழுந்தது.

இதற்கு நேர்மாறான கதை ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் உள்ளது. தொமாகொமாய் நகரின் கிழக்கே 10,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட பரப்பில் எஃகு ஆலைகளும் பெட்ரோலிய வேதித் தொழிற்சாலைகளும் வரும் என்று 1971இல் அடிப்படைத் திட்டம் வகுத்தார்கள். 1973இன் எண்ணெய் நெருக்கடி அந்தக் கணக்கைப் புரட்டிப் போட்டது. நிலத்தை விற்பதற்காக அமைக்கப்பட்ட அரசு-தனியார் கூட்டு நிறுவனம் சுமார் 18,000 கோடி யென் கடனில் மூழ்கியது. 1999இல் அதைக் கலைத்துவிட்டுப் புதிய நிறுவனத்தைத் தொடங்க வேண்டியதாயிற்று.

இரண்டு இடங்களிலும் நிலம் ஆண்டுக்கணக்கில் காலியாகவே கிடந்தது. ஒன்றில் காத்திருந்தது பலித்தது, மற்றொன்றில் காத்திருப்பே கடனாக வளர்ந்தது. ஆகவே “இத்தனை ஆண்டுகளாகக் காலியாக இருக்கிறதே, வேறு எதற்காவது மாற்றிவிடலாம்” என்பதும், “தொழில் மண்டலம் என்று எழுதியாகிவிட்டது, ஒருநாள் யாராவது வருவார்கள்” என்பதும் ஒரே வகைப் பிழைதான். நிலம் ஏன் காலியாக இருக்கிறது என்று இரண்டுமே கேட்பதில்லை. அந்தக் கேள்வியை மனை மனையாகக் கேட்டு, கிடைத்த விடையைக் கொண்டு முடிவெடுக்கும் முறையை இந்த வழிகாட்டி விளக்குகிறது. உள்ளாட்சியின் திட்டப் பிரிவில் பணிபுரிவோரையும், வாக்களிக்கும் உறுப்பினர்களையும், தம் ஊரில் இப்படியொரு நிலம் இருப்பதால் கவலையோடு கேட்கும் குடிமக்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது.

படி 1: வரைபடத்தில் உள்ளதையல்ல, தரையில் உள்ளதை எண்ணுங்கள்

நிலப்பயன்பாட்டு வரைபடத்தில் தொழிலைக் குறிக்கும் ஊதா நிறம் பூசிய பரப்பை அளந்து, கட்டடம் எழுந்த பகுதியைக் கழித்து, மீதியை “கைவசம் உள்ள தொழில் நிலம்” என்று அறிக்கையில் எழுதுவது எளிது. பெரும்பாலும் அந்த எண் தவறாகவே இருக்கும். ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம்.

வரைபடத்தின்படி காலி நிலம் 120 ஹெக்டேர். அதில் 25 ஹெக்டேரை ஏற்கெனவே இயங்கும் தொழிற்சாலைகள் தம் விரிவாக்கத்துக்காக வைத்துள்ளன. அது காலிதான், ஆனால் புதிதாக வரும் எவருக்கும் கிடைக்காது. 18 ஹெக்டேர் வெள்ளநீர் பாயும் தாழ்நிலமும் அதன் கரையும். 9 ஹெக்டேர் உயரழுத்த மின்கம்பிகளுக்கு அடியில் இருப்பதால் கட்டடம் எழுப்ப முடியாதது. 14 ஹெக்டேர் சரிவானது. இவற்றைக் கழித்தால் 54 மிஞ்சும். அதிலும் உட்சாலை, வடிகால், பசுமைப் பகுதி ஆகியவற்றுக்குக் கால் பங்கை ஒதுக்கினால், விற்கவோ குத்தகைக்கு விடவோ கூடியது 40 ஹெக்டேரை ஒட்டியே நிற்கும். 120 என்று நம்பி இருபது ஆண்டுத் திட்டம் போட்ட ஊர், மூன்றில் ஒரு பங்கு நிலத்தை வைத்துக்கொண்டு மூன்று பங்குக்கான வாக்குறுதிகளைக் கொடுத்திருக்கும்.

சரிவைக் கழிப்பது சிலருக்கு மிகையாகத் தோன்றலாம். வீடு கட்டுபவர் சரிவுக்கேற்பப் படிப்படியாகக் கட்டிக்கொள்வார். தொழிற்கூடத்தின் தரை ஒரே மட்டத்தில் இருந்தாக வேண்டும். 200 மீட்டர் நீளமுள்ள ஒரு கிடங்கை மூன்று சதவீதச் சரிவில் வைத்தால் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் 6 மீட்டர் உயர வேறுபாடு வரும், அதாவது இரண்டு மாடி உயரம். அவ்வளவு மண்ணை ஒருபுறம் வெட்டி மறுபுறம் நிரப்பி, தடுப்புச் சுவரும் எழுப்பும் செலவை யார் ஏற்பார் என்ற கேள்விக்கு விடை கிடைக்காத மனைகள் பல ஆண்டுகள் அப்படியே கிடப்பது இயல்பு.

ஒவ்வொரு மனைக்கும் ஒரு பதிவுத்தாள் வையுங்கள்: பரப்பு, உரிமையாளர், வில்லங்கம், வழக்கு, சரிவு, மண்ணின் தாங்குதிறன், வெள்ளப் பதிவு, கனரக வாகனம் திரும்பக்கூடிய அணுகுசாலை உண்டா என்பது, அருகிலுள்ள துணைமின் நிலையத்தில் மீதமுள்ள திறன், குடிநீர், கழிவுநீர் இணைப்புகளின் தொலைவு. இதுவரை கட்டடம் எழவில்லை என்பதற்காக மண் தூய்மையாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஊருக்கு வெளியே கேட்பாரற்றுக் கிடக்கும் நிலத்தில் இரவில் வந்து கழிவைக் கொட்டிச் செல்வது எங்கும் நடக்கிறது. பழைய வான்வழிப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், எந்தக் குழி எப்போது தோண்டப்பட்டது, எப்போது மூடப்பட்டது என்பது தெரிந்துவிடும்.

படி 2: ஏன் காலி என்று கண்டறியுங்கள்

இந்தப் படியில் செலவிடும் நேரம் பின்வரும் எல்லாப் படிகளிலும் மிச்சமாகும். காரணங்கள் ஐந்தாறு வகைக்குள் அடங்கிவிடும். மருந்துதான் ஒவ்வொன்றுக்கும் வேறு.

வசதி இல்லாததால் காலியாக இருப்பது முதல் வகை. சாலையும் மின்சாரமும் கழிவுநீர்க் குழாயும் வராத நிலத்தை மண்டலப் பெயர் மட்டும் தொழில் நிலமாக்கிவிடாது. சிங்கப்பூரின் ஜூரோங் தொழிற்பேட்டைப் பணி 1961இல் தொடங்கியபோது முதல் சில ஆண்டுகள் அங்கே வந்த தொழிற்சாலைகள் சிலவே. அதை முன்னின்று நடத்திய நிதியமைச்சர் கோ கெங் ஸ்வீயின் பெயரைச் சேர்த்து “கோவின் மடத்தனம்” என்று பேசும் அளவுக்குப் போயிற்று. சதுப்பை நிரப்பி, துறைமுகமும் ரயிலும் சாலையும் மின்சாரமும் முதலில் போட்டிருந்ததால் நிலைமை பின்னர் மாறியது. 1968இல் அதற்கெனத் தனி அமைப்பே தேவைப்பட்டது. ஆனால் எல்லா வெற்று நிலமும் ஜூரோங் ஆகிவிடும் என்று வாதிட இந்த எடுத்துக்காட்டைப் பயன்படுத்துவோர் உண்டு. அங்கே ஒரு முழு நாட்டின் கருவூலமும் துறைமுகமும் பின்னால் நின்றன என்பதை அவர்கள் சொல்வதில்லை.

உரிமை சிதறிக் கிடப்பது இரண்டாவது. நாற்பது பேருக்குச் சொந்தமான பத்து ஹெக்டேரை வாங்க எந்தத் தொழில்முனைவோரும் நாற்பது முறை பேரம் பேச மாட்டார். பெரிய மனைகளுக்குக் கேட்பு உள்ள இடத்தில் சிறு மனைகளாகப் பிரித்திருப்பதும், சிறு பட்டறைக்காரர்கள் இடம் தேடும் ஊரில் ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்து விற்பதில்லை என்று விதி வைத்திருப்பதும் மூன்றாவது. உண்மையிலேயே தேவையில்லாத அளவுக்கு மிகுதியாக ஒதுக்கியிருப்பது நான்காவது.

ஐந்தாவது வகைதான் மிகவும் பரவலானது, மிகக் குறைவாகப் பேசப்படுவதும் அதுதான். உரிமையாளர் காத்திருக்கிறார். யூக்ளிட் வழக்கில் தொழில் நிலத்தின் விலை குடியிருப்பு நிலத்தைப்போல் நான்கு மடங்கு என்று சொல்லப்பட்டது. இன்றைக்கு வளரும் நகரங்களின் ஓரத்தில் நிலைமை பெரும்பாலும் தலைகீழ். என்றாவது ஒருநாள் வீட்டுமனைக்கு அனுமதி கிடைத்துவிடும் என்ற எதிர்பார்ப்பு இருக்கும்வரை, தொழிற்சாலைக்காரர் கொடுக்கும் நியாயமான விலை உரிமையாளருக்கு இழப்பாகவே தோன்றும். பக்கத்து மனை ஒன்றுக்கு வகைமாற்றம் கிடைத்துவிட்டால் போதும், சுற்றியுள்ள அத்தனை உரிமையாளர்களும் விற்பனைப் பலகையைக் கழற்றிவிடுவார்கள். அடுத்த சில ஆண்டுகளில் “பாருங்கள், தொழிலுக்கு யாருமே கேட்டு வரவில்லை” என்று அதே உரிமையாளர்கள் மனு கொடுப்பார்கள். உள்ளாட்சியின் தெளிவற்ற பேச்சே அங்கே நிலத்தைக் காலியாக வைத்திருக்கிறது. பரிசீலிக்கிறோம் என்று ஓர் உறுப்பினர் கூட்டத்தில் சொல்லும் ஒரு சொல்லுக்கு ஒரு வட்டாரத்தின் சந்தையையே முடக்கிவிடும் வலிமை உண்டு.

எனவே, கேட்பு இல்லை என்று யார் சொன்னாலும் சான்று கேளுங்கள். எந்த விலைக்கு விளம்பரம் செய்தார்கள், எவ்வளவு காலம், எந்தத் தரகர் மூலம், வந்தவர்கள் எத்தனை பேர், ஏன் திரும்பிப் போனார்கள்? வீட்டுமனை விலையைச் சொல்லித் தொழில் நிலமாக விளம்பரம் செய்ததை விளம்பரமாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

படி 3: தேவையைக் கணக்கிடுங்கள், ஒரே எண்ணாக அல்ல

இங்கிலாந்தின் உள்ளாட்சிகளுக்காக 2004இல் வந்த வேலைவாய்ப்பு நில ஆய்வு வழிகாட்டுதல் இந்த வேலையை மூன்று கட்டமாகப் பிரித்தது: இருப்பதை மதிப்பிடுதல், வருங்காலத் தேவையைக் கணித்தல், புதிய மனைத் தொகுப்பை முடிவு செய்தல். முறை பழையதானாலும் வரிசை இன்றும் சரியானதே. நடுக்கட்டத்தில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள்.

தேவையைக் கணிக்க வழக்கமான வழிகள் மூன்று. வருங்கால வேலைவாய்ப்பு எண்ணிக்கையை நிலப்பரப்பாக மாற்றுவது ஒன்று. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் சராசரியாக எவ்வளவு நிலம் பயன்பாட்டுக்கு வந்தது என்று பார்த்து நீட்டிப்பது மற்றொன்று. தொழில் நடத்துவோரிடம் நேரடியாகக் கேட்பது மூன்றாவது. மூன்றையும் செய்து, வரும் இடைவெளியை மறைக்காமல் அறிக்கையில் காட்டுங்கள்.

வேலைவாய்ப்பிலிருந்து நிலத்துக்கு மாறும் கணக்கில் எவ்வளவு அசைவு இருக்கிறது என்பதைக் கையால் போட்டுப் பார்த்தால்தான் புரியும். பத்து ஹெக்டேர் நிலத்தில் 40 சதவீதப் பரப்பில் ஒரு தளக் கட்டடம் எழுந்தால் தளப்பரப்பு 40,000 சதுர மீட்டர். இங்கிலாந்தில் 2015இல் வெளியான வேலைவாய்ப்பு அடர்த்தி வழிகாட்டியின்படி பொது உற்பத்தித் தொழிலில் ஒருவருக்கு 36 சதுர மீட்டர். அப்படியானால் சுமார் 1,100 வேலைகள். அதே கட்டடம் நாடு முழுவதற்கும் சரக்கு அனுப்பும் பெருங்கிடங்கானால் ஒருவருக்கு 95 சதுர மீட்டர். வேலைகள் சுமார் 420ஆகக் குறைந்துவிடும். தரவு மையம் வந்தால் எண்ணிக்கை இன்னும் பல மடங்கு சரியும், மின்சாரத் தேவையோ மலைபோல் ஏறும். ஆகையால் “இத்தனை ஹெக்டேரில் இத்தனை வேலை” என்று ஒற்றை வரியில் சொல்லும் எந்த அறிக்கையையும், எந்தத் தொழிலை மனத்தில் வைத்து எழுதினீர்கள் என்று கேட்காமல் ஏற்கக் கூடாது.

கடந்த கால சராசரியிலும் ஒரு பொறி உண்டு. வசதியுள்ள மனையே சந்தையில் இல்லாத ஊரில் விற்பனை குறைவாகத்தான் இருக்கும். அதைத் தேவை குறைவு என்று படித்தால், நோயையே மருந்தென்று எழுதிக் கொடுத்ததாகும்.

சந்தை மூச்சு விடவும் சிறிது இடம் வேண்டும். ஒரு தொழிற்கூடம் இடம் மாறும்போது பழையதும் புதியதும் சில மாதங்கள் ஒன்றாகத் தேவைப்படும். லண்டன் பெருநகர ஆட்சியின் 2012 வழிகாட்டுதல் இதற்காக நிலத்தில் 5 சதவீதமும் தளப்பரப்பில் 8 சதவீதமும் காலியாக இருப்பதை இயல்பான அளவாகக் கொண்டது. உங்கள் ஊரின் அளவு வேறாக இருக்கலாம், பூச்சியமாக மட்டும் இருக்க முடியாது.

கடைசியாக, பக்கத்து ஊர்களின் கணக்கை வாங்கிப் பாருங்கள். வரப்போகும் ஒரே தொழிற்சாலையை ஐந்து ஊர்களும் தம் தம் ஏட்டில் எழுதி வைத்திருக்கும். நெதர்லாந்தில் நகராட்சிகளே நிலத்தை வாங்கித் தொழில்மனைகளாக விற்கும் வழக்கம் இருந்ததால் ஒவ்வொன்றும் தன் பங்குக்குப் பேட்டை திறந்தது. 2008 நிதி நெருக்கடிக்குப் பின் விற்காத நிலத்தின் மதிப்பைப் பலவும் ஏட்டில் குறைத்து எழுத நேர்ந்தது. முதலில் தேவையை மெய்ப்பி, பிறகு இருக்கும் நகர்ப்பகுதிக்குள் இடமுண்டா என்று பார், அதன் பிறகே வெளியே போ என்று ஏணிபோல் படிவைத்த விதி அந்நாட்டில் 2012இல் நடைமுறைக்கு வந்ததன் பின்னணியில் இந்த மிகை ஒதுக்கீடும் இருந்தது.

படி 4: மனைகளைத் தரம் பிரியுங்கள்

முதல் மூன்று படிகளின் முடிவில் ஒவ்வொரு மனைக்கும் ஒரு விடை தேவை. காப்பது, வசதி செய்து கொடுப்பது, வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவது, இயற்கைக்கோ வேளாண்மைக்கோ திருப்பிக் கொடுப்பது, முடிவைத் தள்ளிவைப்பது என்று ஐந்து விடைகள் உண்டு. முழுப் பேட்டைக்கும் ஒரே விடை எழுதும் சோம்பலைத் தவிர்க்க வேண்டும். சாலையோர மனைக்கும் ஓடையோர மனைக்கும் எதிர்காலம் ஒன்றாக இருக்காது.

தரம் பிரிக்கும்போது ஒரு சமமின்மையை மறக்காதீர்கள். தொழில் நிலத்தை வீடாக்குவது ஒருவழிப் பாதை. வீடுகள் எழுந்து மக்கள் குடியேறிய இடத்தை மீண்டும் தொழிலுக்குத் திருப்ப நடைமுறையில் வழியே இல்லை. நிலத்தை இன்னும் பத்தாண்டு காலியாக வைத்திருந்தால் வரும் இழப்பைப் பின்னர் ஈடுசெய்துவிடலாம். சான் பிரான்சிஸ்கோ இதைக் கட்டடங்கள் நிறைந்த பகுதியில் கற்றுக்கொண்டது. கலைஞர்கள் தங்கி வேலை செய்ய என்று 1988இல் கொடுத்த சலுகை, 1990களில் தொழில் வட்டாரங்களுக்குள் ஆடம்பரக் குடியிருப்புகள் நுழையும் வாசலாயிற்று. நீண்ட விவாதத்துக்குப் பின், 2008 இறுதியில் நிறைவேறிய கிழக்கு வட்டாரத் திட்டத்தில், உற்பத்தி, விநியோகம், பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்கு மட்டுமான மண்டலங்களை அந்நகரம் வகுத்தது. அச்சகமும் தச்சுப்பட்டறையும் உணவகங்களுக்குக் காய்கறி அனுப்பும் கிடங்கும் நகருக்குள் இருந்தாக வேண்டும் என்பதை அங்கே எண்களால் வாதிட்டு நிறுவ வேண்டியிருந்தது.

அதற்காக எல்லாவற்றையும் பூட்டி வைப்பதும் அறிவாகாது. இங்கிலாந்தின் 2012 தேசியத் திட்டக் கொள்கை, வேலைவாய்ப்புக்குப் பயன்படும் நியாயமான வாய்ப்பே இல்லாத மனைகளை நீண்ட காலம் பிடித்து வைக்கக் கூடாது என்றும், ஒதுக்கீடுகளை ஒழுங்காக மறுஆய்வு செய்ய வேண்டும் என்றும் சொன்னது. “நியாயமான வாய்ப்பு” என்பதை எப்படி அளப்பது என்பதில்தான் அடுத்த பத்தாண்டு வழக்குகளும் வாதங்களும் நடந்தன. உங்கள் திட்டத்தில் அந்தச் சொல்லை எழுதினால் அளவுகோலையும் சேர்த்தே எழுதுங்கள்: இத்தனை மாத விளம்பரம், இந்த விலை வரம்பு, இந்த வசதிகள் செய்து கொடுத்த பிறகு என்று.

இயற்கைக்குத் திருப்பிக் கொடுப்பது பெரும்பாலான அறிக்கைகளில் ஒரு வரிகூடப் பெறுவதில்லை. கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரம் தன் தெற்கு விளிம்பிலுள்ள கயோட்டி பள்ளத்தாக்கின் வட பகுதியை 1980களிலேயே தொழில் வளாகங்களுக்கு ஒதுக்கியது. நூற்றாண்டின் திருப்பத்தில் சிஸ்கோ நிறுவனம் அங்கே மாபெரும் வளாகம் கட்டத் திட்டமிட்டுக் கைவிட்டது. வெள்ளம் பரவி நிற்கும் சதுப்பும், இரு மலைத்தொடர்களுக்கிடையே விலங்குகள் கடக்கும் வழியும் அந்தப் பள்ளத்தாக்கில்தான் இருந்தன. 2019இல் நகராட்சியும், நிலப் பாதுகாப்பு அறக்கட்டளை ஒன்றும், திறந்தவெளி ஆணையமும் சேர்ந்து சுமார் 93 மில்லியன் டாலருக்கு 937 ஏக்கரை வாங்கின. நகராட்சியின் பங்கு, வெள்ளத் தடுப்பையும் உள்ளடக்கி வாக்காளர்கள் 2018இல் ஒப்புதல் அளித்த கடன் பத்திரத்திலிருந்து வந்தது. 2021 நவம்பரில் மன்றம் அப்பகுதியின் தொழில் வகைப்பாட்டை நீக்கி, வேளாண்மைக்கும் திறந்தவெளிக்கும் உரியதாக மாற்றியது. இங்கே வரிசையைக் கவனியுங்கள். முக்கியமான நிலத்தை முதலில் பணம் கொடுத்து வாங்கினார்கள், வகைப்பாட்டை மாற்றியது அதன் பிறகு. வாங்காமல் மாற்றியிருந்தால் எதிர்ப்பின் கடுமை வேறாக இருந்திருக்கும்.

படி 5: அக்கம்பக்கத்தை முன்கூட்டியே பூட்டுங்கள்

இந்தப் படியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தவறினால் வரும் விளைவு சுருக்கமானதல்ல. நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரில் 1977இல் ஊருக்கு வெளியே கட்டிய வாணவெடிக் கிடங்கைச் சுற்றிப் பிறகு வீடுகள் வளர்ந்தன. 2000 மே 13இல் கிடங்கு வெடித்தபோது 23 பேர் இறந்தார்கள், சுமார் 400 வீடுகள் அழிந்தன. அபாயகரமான தொழிலகங்களுக்கும் குடியிருப்புகளுக்கும் இடையே பொருத்தமான தொலைவை நிலப்பயன்பாட்டுத் திட்டங்களிலேயே காக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் செவெசோ நெறிமுறை கட்டாயப்படுத்துகிறது.

தொழில் நிலம் இன்னும் காலியாக இருக்கும் இந்தக் காலம்தான் அந்தத் தொலைவைச் செலவில்லாமல் வாங்கக்கூடிய ஒரே காலம். இடைவெளியைத் தொழில் மண்டலத்துக்கு உள்ளே மட்டும் வரையாமல் வெளியேயும் வரையுங்கள். வேலி நகராது, வீடுகள்தான் வேலியை நோக்கி நகர்ந்து வரும். பின்னர் வந்து சேர்ந்தவரே ஒலித்தடுப்புக்கும் பாதுகாப்புக்கும் பொறுப்பு என்ற விதியையும் திட்டத்தில் சேர்ப்பது நல்லது. இல்லையெனில் இரவுப் பணி நடக்கும் ஆலை, புதிதாகக் குடிவந்தவர்களின் புகாராலேயே மெல்ல மெல்ல மூடப்படும்.

படி 6: யார் பணம், எப்போது, எதற்கு

சாலை, மின்சாரம், நீர், வடிகால் ஆகிய நான்கில் வடிகாலைத்தான் எல்லோரும் குறைத்து எழுதுகிறார்கள். ஐந்து ஹெக்டேர் மண்ணைக் கூரையாலும் கான்கிரீட்டாலும் மூடிய பிறகு 50 மில்லிமீட்டர் மழை பெய்தால், முன்பு மண்ணுக்குள் இறங்கிய தண்ணீரும் சேர்த்து 2,500 கன மீட்டர் மேற்பரப்பில் ஓடத் தேடும். அதைத் தேக்கி மெல்ல வெளியேற்றும் குளத்துக்கான இடத்தை மனை பிரிப்பதற்கு முன்பே ஒதுக்க வேண்டும். விற்றுத் தீர்ந்த பிறகு கிடைப்பது பெரும்பாலும் மேட்டு நிலமாக இருக்கும், அதில் குளம் வெட்டிப் பயனில்லை.

வேலைகளைக் கட்டங்களாகப் பிரியுங்கள். முதல் கட்ட மனைகளில் குறிப்பிட்ட பங்கு கட்டடமாகும்வரை இரண்டாம் கட்டச் சாலைக்குக் கடன் வாங்குவதில்லை என்று தீர்மானத்திலேயே எழுதுங்கள். ஒரே பெரிய நிறுவனத்தை நம்பி முழு வசதியையும் முன்கூட்டிச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு விஸ்கான்சின் மாநிலத்தின் மவுன்ட் பிளசன்ட் ஊர் அண்மைய சான்று. 2017இல் ஃபாக்ஸ்கான் நிறுவனம் 10 பில்லியன் டாலர் முதலீடும் 13,000 வேலைகளும் தருவதாக அறிவித்தது. ஊர் கடன் வாங்கி நிலத்தைச் சேர்த்து, சாலையும் நீரும் கொண்டுவந்தது. 2021இல் மாநிலத்தோடு மாற்றி எழுதிய ஒப்பந்தத்தில் அவை 672 மில்லியன் டாலராகவும் 1,454 வேலைகளாகவும் சுருங்கின. ஆயினும் ஊர் தன் ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனையைப் போட்டு வைத்திருந்தது: என்ன கட்டினாலும் கட்டாவிட்டாலும் 2023 முதல் 1.4 பில்லியன் டாலர் மதிப்புள்ள சொத்துக்கான வரியை நிறுவனம் செலுத்தியாக வேண்டும். அந்த நிபந்தனை இல்லாவிட்டால் கடன் முழுவதும் குடிமக்களின் தலையில் விழுந்திருக்கும். 2023இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அந்தப் பரப்பில் 315 ஏக்கரைத் தரவு மையத்துக்காக வாங்கியது. போட்ட சாலையும் குழாயும் வேறொருவருக்கு உதவின. அதிர்ஷ்டம் ஓரளவு, ஒப்பந்தம் ஓரளவு. திட்டமிடுபவர் எழுதக்கூடியது இரண்டாவதை மட்டுமே.

படி 7: முடிவைச் சட்ட வாசகமாக மாற்றுங்கள்

“தொழில் பயன்பாடு” என்று பொதுவாக எழுதிய மண்டலத்துக்குள் காட்சிக்கூடம், திருமண மண்டபம், பல்பொருள் அங்காடி என்று வாடகை கூடுதலாகக் கொடுப்பவை நுழைந்துவிடும். சிகாகோ 1988இல் கிளைபோர்ன் பகுதியில் உற்பத்திக்கான தனி மாவட்டத்தை வகுத்ததற்குக் காரணம், பழைய மண்டல வாசகம் கடைகளையும் குடியிருப்புகளையும் தடுக்கப் போதவில்லை என்பதே. அனுமதிக்கும் பயன்பாடுகளைப் பெயர் சொல்லி எழுதுங்கள். துணைப் பயன்பாட்டுக்குத் தளப்பரப்பில் உச்சவரம்பு வையுங்கள். பெரிய மனைகளைத் துண்டாக்குவதற்குக் குறைந்தபட்ச அளவை விதியுங்கள்.

நிலம் உள்ளாட்சிக்கே சொந்தமானால் விற்பதைவிடக் குத்தகைக்கு விடுவது பல நேரங்களில் மேலானது. சிங்கப்பூர் அரசு தான் விற்பனைக்கு விடும் தொழில் நிலங்களின் குத்தகைக் கால உச்சவரம்பை 2012இல் 60 ஆண்டிலிருந்து 30 ஆண்டாகக் குறைத்தது. நிலம் விரைவில் அரசின் கைக்குத் திரும்பும், மறுபடியும் திட்டமிடலாம். விற்றே ஆக வேண்டுமென்றால், குறித்த காலத்துக்குள் கட்டடம் எழும்பாவிட்டால் வாங்கிய விலைக்கே திருப்பி எடுக்கும் உரிமையைப் பத்திரத்தில் பதியுங்கள்.

கையகப்படுத்திய நிலமானால் பொறுப்பு இன்னும் கூடும். இந்தியாவின் 2013 நிலம் கையகப்படுத்தல் சட்டத்தின் 101ஆம் பிரிவு, கைப்பற்றிய நாளிலிருந்து ஐந்தாண்டு பயன்படுத்தாத நிலத்தை முன்னாள் உரிமையாளருக்கோ அரசின் நில வங்கிக்கோ திருப்ப வேண்டும் என்கிறது. திருப்புவது தாளில் எழுதுவதுபோல் எளிதல்ல. மேற்கு வங்கத்தின் சிங்கூரில் கார்த் தொழிற்சாலைக்காக எடுத்த 997 ஏக்கரைத் திருப்பித் தர 2016இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டபோது, அதில் ஒரு பகுதி ஏற்கெனவே மண்ணடித்து உயர்த்தி, அடித்தளமும் கொட்டகையும் எழுந்த நிலமாக இருந்தது. வயலாக்குவதற்கு முதலில் கான்கிரீட்டை உடைத்து அள்ள வேண்டியிருந்தது.

காத்திருக்கும் காலத்துக்கான இடைக்காலப் பயன்பாட்டையும் இந்தப் படியிலேயே முடித்துவிடுங்கள். மேய்ச்சல், பயிர், நாற்றங்கால் போன்றவை நிலத்தைக் கெடுக்காது, குப்பை கொட்டுவோரையும் தள்ளி வைக்கும். சூரிய மின் தகடுகள் கேட்பதற்கு இடைக்காலம்போல் தோன்றும். இருபத்தைந்து ஆண்டுக் குத்தகை என்பது உங்கள் திட்டக் காலத்தையே விழுங்கிவிடும்.

படி 8: கருத்துக் கேட்பு

வரைவு முடிந்த பிறகு மக்களைக் கூப்பிட்டு ஒப்புதல் கேட்பது கருத்துக் கேட்பாகாது. முதல் படியின் பதிவுத்தாள்களை வெளியிட்டு, பிழை இருந்தால் சொல்லுங்கள் என்று தொடங்கினால் கூட்டத்தின் போக்கே மாறும். எந்த ஓடை எந்த மாதத்தில் பெருகும் என்பதை அங்கே ஆடு மேய்ப்பவர் சொல்வார்; எந்த மனையின் பின்னால் எந்தப் பங்காளிச் சண்டை என்பதை ஊர்ப் பெரியவர் சொல்வார். இரண்டும் எந்த வரைபடத்திலும் கிடைக்காது. தொழில் வேண்டும் என்போரும் வேண்டாம் என்போரும் ஒரே எண்களை முன்னால் வைத்துக்கொண்டு பேசுவதற்கு வழி செய்வதே அலுவலரின் வேலை. உறுப்பினர்களில் எவருக்காவது அந்த நிலத்திலோ அதை ஒட்டியோ பங்கு இருந்தால், அதை முதல் கூட்டத்திலேயே குறிப்பேட்டில் பதியச் சொல்ல வேண்டும்.

படி 9: மறுஆய்வுக்கு நாளும் காரணமும் குறியுங்கள்

இங்கிலாந்தில் உள்ளாட்சித் திட்டங்களை ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் மறுஆய்வு செய்ய வேண்டும் என்பது சட்டக் கடமை. நாள் குறிப்பது மட்டும் போதாது. எது நடந்தால் நாளுக்கு முன்பே ஏட்டைத் திறக்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள்: துணைமின் நிலையம் திட்டமிட்ட ஆண்டில் வராமல் போவது, பெரிய முதலாளி ஒருவர் வெளியேறுவது, ஒரே ஆண்டில் மூன்றாண்டுக்கான நிலம் விற்றுவிடுவது, பக்கத்து ஊர் இருநூறு ஹெக்டேர் பேட்டையை அறிவிப்பது. இவற்றைத் தவிர வேறு எந்த மனுவுக்காகவும் இடையில் வகைமாற்றத்தை எடுத்துக்கொள்வதில்லை என்று தீர்மானம் போட்டால், இரண்டாம் படியில் சொன்ன அந்த எதிர்பார்ப்பு விலையின் வேர் ஆடத் தொடங்கும்.

மறுஆய்வு நாள் வரும்போது திட்டத்தை எழுதிய அலுவலர் வேறு ஊரில் இருப்பார், வாக்களித்த உறுப்பினர்கள் மாறியிருப்பார்கள். ஆகவே ஒவ்வொரு மனையின் பதிவுத்தாளிலும் கடைசியாக மூன்று வரிகளைச் சேர்த்துக் கையொப்பமிடுங்கள்: இது இன்று காலியாக இருப்பதற்கு நாங்கள் கண்ட காரணம், அதைத் தீர்க்க நாங்கள் ஏற்ற வேலையும் ஆண்டும், எந்தச் சான்று கிடைத்தால் இந்த முடிவை மாற்றலாம் என்பது.